பிறர் யுத்தத்தைப் பார்த்தபடி தேநீர் குடிப்பவர்கள்: 1979இன் ஓர் இசைத்தட்டு

1979 ஜூலையில் இலங்கைப் பாராளுமன்றம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. இரண்டு மாதங்கள் கழித்து, செப்டெம்பரில், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் ‘என்டர்டெய்ன்மென்ட்!’ என்ற தங்கள் முதல் இசைத்தட்டை வெளியிட்டார்கள். பொழுதுபோக்கு என்பது அதன் பொருள். குழுவின் பெயர் ‘கேங் ஒஃப் ஃபோர்’. 1976இல் சீனாவில் கைதான ‘நால்வர் கும்பல்’ பற்றிய செய்திகளிலிருந்து எடுத்த பெயர் அது.

சட்டத்துக்கும் தட்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் தட்டின் முதற் பாட்டான ‘ஈதர்’ வட அயர்லாந்துக் கைதிகளின் சித்திரவதையைப் பற்றியது. லோங் கெஷ் சிறையின் எச் புளொக் அதில் வருகிறது. அயர்லாந்துப் பிரச்சினையைச் சொல்லியே பிரித்தானியாவும் 1974இல் ஒரு பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் பெயரிலும் நமது சட்டத்தின் பெயரிலும் ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்ற சொற்கள் இருந்தன. மூன்று வருடத்துக்கென்று வந்த நமது சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. அது இந்த மண்ணில் என்ன செய்தது என்பதைத் தமிழருக்கும், 2019 ஏப்ரலுக்குப் பிறகு முஸ்லிம்களுக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

என்னிடம் உள்ளது பழைய பிரதி. பொத்துவிலிலோ கல்முனையிலோ இப்படியான தட்டு விற்கும் கடை எதுவும் இல்லை. லண்டனிலிருக்கும் மச்சான் பாவித்த தட்டுகள் விற்கும் கடையொன்றில் வாங்கி, உடுப்புகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தார்.

யார் இவர்கள்?

ஜோன் கிங் பாடினார். அன்டி கில் கிட்டார், டேவ் அலன் பேஸ், ஹியூகோ பேர்ன்ஹம் டிரம்ஸ். கிங்கும் கில்லும் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஓவியக் கலை படித்தவர்கள். ‘நெஷனல் ஃப்ரன்ட்’ என்ற இனவெறிக் கட்சி ஆங்கில நகரங்களில் ஊர்வலம் போன காலம் அது. அதை எதிர்த்த ‘ரொக் எகெய்ன்ஸ்ட் ரேசிசம்’ இயக்கத்தின் மேடைகளில் இவர்களும் வாசித்தார்கள்.

1976, 77இல் எழுந்த பங்க் இசை கோபத்தைக் கத்தித் தீர்த்தது. அதன் பின்வந்த போஸ்ட் பங்க், அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டது. கில்லின் கிட்டார் மெட்டை இழுத்து வாசிக்காது. வெட்டி வெட்டி நிறுத்தும். நீண்ட தனி வாசிப்பு வரவேண்டிய இடத்தில் மௌனம் வரும். ஜமெய்க்காவின் டப் இசையிலிருந்து கற்ற மௌனம் அது. சூடான ஒலி தரும் வால்வு அம்ப்ளிஃபயரை விட்டுவிட்டு, வரண்ட ஒலி தரும் டிரான்சிஸ்டர் அம்ப்ளிஃபயரை அவர் தேர்ந்துகொண்டார்.

அட்டைப்படம்

சிவப்பு அட்டையில் ஒரு செவ்விந்தியரும் ஒரு கௌபோயும் கைகுலுக்குகிறார்கள். அதே காட்சி மூன்று முறை வருகிறது. கூடவே ஓடும் வாசகம், செவ்விந்தியர் மற்றவரை நண்பரென நம்புவதையும், கௌபோய் ஏமாற்ற ஆள் கிடைத்ததென மகிழ்வதையும் சொல்கிறது. கைகுலுக்கும் படங்கள் நமக்குப் புதிதல்ல. 1987 ஜூலையில் இந்திய இலங்கை ஒப்பந்தம், 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் பிரபாகரனும் ரவூப் ஹக்கீமும் செய்த உடன்பாடு என்று வரிசையாகப் பார்த்துவிட்டோம். அதனால்தான் இந்த அட்டையை விளங்க நமக்கு ஆங்கிலம் அதிகம் தேவைப்படாது.

இரண்டாம் பக்கம்

தட்டில் 12 பாட்டுகள், பக்கத்துக்கு ஆறு. இரண்டாம் பக்கத்தின் கடைசி மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

முதலாவது ‘அட் ஹோம் ஹீஸ் எ டூரிஸ்ட்’. சொந்த வீட்டிலேயே உல்லாசப் பயணிபோல் அந்நியப்பட்டுப் போன ஒருவனைப் பற்றியது. பீபீசியின் ‘டொப் ஒஃப் த பொப்ஸ்’ நிகழ்ச்சி, பாட்டில் கருத்தடை உறையைக் குறித்த ஒரு சொல்லை மாற்றச் சொன்னது. குழு மறுத்து வெளியேறியது. அந்த வாய்ப்பு பிறகு கிடைக்கவேயில்லை. அறுகம்பையை வைத்து உலகம் அறிந்த ஊர் எங்களுடையது. 2024 ஒக்டோபரில் அமெரிக்கத் தூதரகம் அறுகம்பைக்குப் பயண எச்சரிக்கை விடுத்தபோது, பயணிகளுக்காகப் பொலிஸாரும் அதிரடிப்படையினரும் வந்து குவிந்தார்கள். அந்நாட்களில் இந்தப் பாட்டின் தலைப்பு எனக்கு வேறு அர்த்தம் தந்தது.

அடுத்தது ‘5.45’. மாலைத் தேநீரோடு தொலைக்காட்சிச் செய்தி பார்க்கும் ஒருவர், திரையில் இரத்தத்தைக் காண்கிறார். தூரத்துக் கெரில்லா யுத்தம் அவருக்கு இன்னொரு நிகழ்ச்சியாகிவிடுகிறது. தட்டின் தலைப்பும் இங்கேதான் விளங்குகிறது. கடைசியாக ‘அன்த்ரெக்ஸ்’. நீண்ட கிட்டார் இரைச்சலுக்குப் பின் ஒருவர் பாட, இன்னொருவர் அதே நேரத்தில் பேசிக்கொண்டே போகிறார். இரண்டையும் ஒரே தரத்தில் முழுதாகக் கேட்க முடியாது. ஒன்றைக் கவனித்தால் மற்றது தவறிவிடும்.

‘5.45’ஐ எழுதியவர்கள் பார்ப்பவரின் பக்கம் இருந்தவர்கள். நாம் திரைக்குள் இருந்தவர்கள். 2011இல் சனல் 4 வன்னியின் காட்சிகளை ஒளிபரப்பியபோது, எத்தனையோ நாடுகளின் வீடுகளில் நாம் அப்படித்தான் தெரிந்திருப்போம். ஆனால் நாமும் பார்த்தவர்கள்தான். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டதும், 2006 செப்டெம்பரில் பொத்துவிலுக்கு அருகே 10 முஸ்லிம் தொழிலாளர்கள் வெட்டிக் கொல்லப்பட்டதும் பல தமிழ் வீடுகளுக்கு வெறும் செய்தி. 2009 மே மாதத்து முள்ளிவாய்க்கால் பல முஸ்லிம் வீடுகளுக்கு வெறும் செய்தி. ஒரே மொழியில், ஒரே நேரச் செய்தியில், ஒருவர் இழப்பை மற்றவர் தேநீர்க் கோப்பையோடு கேட்டிருக்கிறோம். இன்று காஸாவைக் கைபேசியில் விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போகிறோம். இந்தத் தட்டு அதற்காக யாரையும் திட்டவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும் நீ யார் என்று மட்டும் கேட்கிறது.

அந்தக் கேள்வி இதைச் செய்தவர்களையும் விடவில்லை. தட்டை வெளியிட்ட ஈஎம்ஐ, இராணுவ மின்னணுச் சாதனங்களும் செய்த நிறுவனம். தமிழ்ப் பாட்டுகளை நம் வீடுகளுக்குக் கொண்டுவந்த, நாய் படம் போட்ட எச்எம்வி தட்டுகளும் அதே குடும்பத்தவைதான். 1982இல் ‘ஐ லவ் எ மேன் இன் யுனிஃபோர்ம்’ என்ற இவர்களின் பிந்திய பாட்டு, ஃபோக்லண்ட் யுத்தம் நடந்ததால் பீபீசியில் நிறுத்தப்பட்டது.

இங்கிலாந்துப் பட்டியலில் இந்தத் தட்டு 45ஆம் இடத்துக்கு மேல் போகவில்லை. ஆனாலும் நிர்வாணாவின் கேர்ட் கோபேன் தனக்குப் பிடித்தவற்றில் இதை எழுதிவைத்தார். ரெட் ஹொட் சிலி பெப்பர்ஸ் தங்கள் முதல் தட்டைத் தயாரிக்க அன்டி கில்லையே அழைத்தார்கள். 2020இல் ரன் த ஜுவல்ஸ் என்ற ரெப் குழு ‘ஈதர்’ கிட்டாரை எடுத்தாண்டது. கில் 2020இலும் அலன் 2025இலும் காலமானார்கள்.

பழைய பிரதி வாங்குவோருக்கு

முதல் பிரித்தானியப் பதிப்பின் இலக்கம் ஈஎம்சி 3313. அமெரிக்கப் பதிப்பு வோர்னர் பிரதர்ஸ் வெளியிட்டது. தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய கோடுகள் பெரும்பாலும் கேட்காது. நகத்தில் தட்டுப்படும் கீறல் கட்டாயம் கேட்கும். உள்ளுறை இருக்கிறதா என்று கேளுங்கள். தொலைக்காட்சித் திரைப் படங்களும் கிண்டலான வாசகங்களும் அதில்தான் உள்ளன. அது இல்லாவிட்டால் பாதி தொலைந்த மாதிரி. நம் கரையோர ஈரத்தில் அட்டை பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே தட்டுகளை நிறுத்தி, சுவரில் படாமல் அடுக்குங்கள். தட்டுச் சுழலி இல்லாதவர்கள் இணையத்திலும் கேட்கலாம். அப்போதும் பாட்டுகளின் வரிசையை மாற்ற வேண்டாம்.