முடுக்கத்தின் அளவுகோல்: தொலைவா, காலமா?

விழும் பொருளின் வேகம் எதைப் பொறுத்துக் கூடுகிறது: கடந்த தொலைவையா, கழிந்த காலத்தையா? முடுக்கம் என்ற கருத்து உருவான வரலாற்றில் மிகக் கடினமான படி இந்தக் கேள்விதான். போதிய கணிதம் இல்லாததால்தான் இதற்கு விடை தாமதமாயிற்று என்ற விளக்கம் நிற்காது. ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரியைச் சேர்ந்த வில்லியம் ஹேட்ஸ்பரி 1335இலேயே அடிப்படை விதியை எழுதிவிட்டார்: சீராக வேகம் கூடும் பொருள் கடக்கும் தொலைவு, அதன் தொடக்க, இறுதி வேகங்களின் சராசரியில் அதே காலம் சென்றால் கடக்கும் தொலைவுக்குச் சமம். சில பத்தாண்டுகளுக்குள் பிரான்சில் நிக்கோல் ஒரெம் இதைப் படமாகவே வரைந்தார். கிடைக்கோடு காலம், செங்குத்துக்கோடு வேகம், அவை அடைக்கும் பரப்பு தொலைவு. இதைக் கொண்டு, கலிலியோவின் இயக்கவியல் பாரிஸிலேயே பிறந்துவிட்டது என்று அறிவியல் வரலாற்றாளர் பியேர் துயெம் வாதிட்டார். அந்த அறிஞர்களுக்கு உரிய பெருமையை மீட்டுத் தந்தவர் அவர். ஆனால் அவருடைய முடிவை ஏற்க இயலவில்லை. ஹேட்ஸ்பரியும் ஒரெமும் ஆராய்ந்தது வெப்பம், வெண்மை உட்பட எந்தப் பண்பும் கூடிக் குறையும் பொதுமுறையை. கல் அப்படித்தான் விழுகிறது என்று அவர்கள் சொல்லவில்லை. அதைச் சொன்ன ஸ்பானிய இறையியலாளர் டொமிங்கோ தெ சோட்டோவும் 16ஆம் நூற்றாண்டின் நடுவில் போகிறபோக்கில் குறிப்பிட்டாரே தவிர, நிறுவ முயலவில்லை.

கலிலியோ 1604 அக்டோபரில் பாவ்லோ சார்ப்பிக்கு எழுதிய கடிதம்தான் இங்கே முதன்மைச் சான்று. விழும் தொலைவு காலத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது என்ற சரியான விதி அப்போதே அவர் கையில் இருந்தது. அதற்கு அடிப்படையாக அவர் வைத்த கொள்கையோ தவறு: வேகம், கடந்த தொலைவுக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது என்றார். இது அவருடைய தனிப்பட்ட சறுக்கல் அன்று. 1618இல் ஐசக் பீக்மனோடு இதே சிக்கலை ஆராய்ந்த டெகார்ட்டும், கால அச்சு இருக்கவேண்டிய இடத்தில் தொலைவை வைத்தார். கூர்மையான இரு மனங்கள் ஒரே இடத்தில் வழுக்கியதற்குக் காரணம் இருக்க வேண்டும். கம்பம் இறக்கும் பளுவை இருமடங்கு உயரத்திலிருந்து போட்டால் அடியின் விளைவும் ஏறக்குறைய இருமடங்காகிறது. எனவே வேகமும் இருமடங்காகியிருக்கும் என்று நினைப்பது இயல்பு. உயரத்துக்கு ஏற்பக் கூடுவது வேகமன்று, அதன் இருமடி என்பது பின்னாளில்தான் தெளிவாயிற்று. 1686இல் லைப்னிட்ஸ் அதை வலியுறுத்தினார். முடுக்கத்தை விநாடிக்கு விநாடி 10 மீட்டர் என்று கொண்டால், 20 மீட்டர் விழும் கல் 2 விநாடியில் 20 மீட்டர்/விநாடி வேகத்தை எட்டும். பாதிக் காலத்தில் வேகம் சரிபாதி, 10. ஆனால் கடந்தது 5 மீட்டர்தான். பாதித் தொலைவில் வேகமோ 14க்குச் சற்று மேல். கலிலியோவின் பழைய கொள்கைப்படி அங்கே வேகம் 10 ஆக இருந்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய இடரும் உண்டு. தொலைவு சுழியாக இருக்கும்போது வேகமும் சுழி என்றால், ஓய்விலுள்ள கல் விழவே தொடங்காது.

அப்படியானால் அளவீடுதான் உண்மையைக் காட்டியதா? கலிலியோவின் சோதனைகள் பெரும்பாலும் கற்பனை என்று அறிவியல் வரலாற்றாளர் அலெக்சாந்தர் கொய்ரே 1930களில் எழுதினார். 1961இல் தாமஸ் செட்டில், கலிலியோ விவரித்த சாய்தளத்தையும் நீர்க்கடிகாரத்தையும் மீண்டும் அமைத்து, போதிய துல்லியம் கிடைப்பதைக் காட்டினார். கலிலியோவின் கையெழுத்துத் தாள் ஒன்றில் 33, 130, 298, 526, 824 என்ற தொலைவுகள் உள்ளன. 33ஐ இருமடி எண்களான 4, 9, 16, 25 ஆகியவற்றால் பெருக்கினால் 132, 297, 528, 825 வரும். இவ்வளவு நெருங்கியும் சரியாகப் பொருந்தாத எண்கள் அளந்தவர் கையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். கொய்ரேயின் ஐயம் இங்கே தகர்கிறது. ஆனால் அளவீடே போதும் என்ற முடிவும் இதிலிருந்து கிடைக்காது. இருமடி விதியைச் சரியாகப் பெற்றவரே அதைத் தவறான கொள்கையின்மேல் நிறுத்தினார் என்பதற்கு 1604ஆம் ஆண்டுக் கடிதம் சாட்சி. எண்கள் தொலைவையும் காலத்தையும் இணைத்தன. வேகத்தை எதைக்கொண்டு எண்ணுவது என்பதைச் சிந்தித்தே தீர்க்க வேண்டியிருந்தது. 1638இல் லெய்டனில் வெளிவந்த நூலில், சம காலங்களில் சம அளவு வேகம் கூடுவதே சீரான முடுக்கம் என்று கலிலியோ வரையறுத்தார். உரையாடலாக அமைந்த அதே நூலில் பழைய கொள்கையை சக்ரேதோ என்ற பாத்திரம் முன்வைக்கும்போது, நம் ஆசிரியரும் சில காலம் இதே பிழையில் இருந்தவர்தான் என்று கலிலியோவின் சார்பில் பேசும் சால்வியாத்தி ஒப்புக்கொள்கிறார்.