சாத்தூர் வட்டார மலிவு உணவு

சாத்தூர் வட்டார மலிவு உணவு என்பது விருதுநகர் மாவட்டம் சாத்தூரிலும் அதைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களிலும் விளையும் தானியமும் காயும் வத்தலும், அதிகம் கைமாறாமல் உழைக்கும் மக்களின் வயிற்றுக்கு வந்து சேரும் வழக்கத்தைக் குறிக்கும். கூழ் வண்டி, பேருந்து நிலையத்தில் கூடையோடு நிற்கும் பெண்கள், வீட்டின் முன்கட்டில் நடக்கும் சாப்பாட்டுக் கடை ஆகியவை இதன் முதன்மையான இடங்கள்.

விளைந்த இடத்திலிருந்து நேராக இலைக்கு என்னும் கொள்கை உலகின் பல பகுதிகளில் ஓர் இயக்கமாகவே வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் பெர்க்லியில் ஆலிஸ் வாட்டர்ஸ் 1971-ல் தொடங்கிய ‘ஷே பனீஸ்’ உணவகம் அதற்குப் பெயர் வாங்கித் தந்தது. பிரான்சில் 2001 முதல் உழவர்களும் நகரத்துக் குடும்பங்களும் முன்பணம் கொடுத்துக் காய்கறிக் கூடை வாங்கும் ‘அமாப்’ சங்கங்கள் பரவின. அங்கெல்லாம் வசதியுள்ளவர்கள் மட்டும் இதை அனுபவிக்கிறார்கள் என்ற குறை இன்னும் தீரவில்லை. சாத்தூரில் நிலைமை நேர் எதிர். இங்கே பக்கத்துப் புஞ்சையில் விளைந்ததைத் தின்பவர்கள் பெரும்பாலும் கையில் காசு குறைந்தவர்கள். காசு சேர்ந்ததும் தட்டில் வெளியூர்ப் பொருள் ஏறிவிடுகிறது.

நிலமும் பருவமும்

சாத்தூர் வைப்பாற்றங்கரையில் உள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து மன்னார் வளைகுடாவில் கலக்கும் இந்த ஆறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். ஊரைச் சுற்றியுள்ள நிலம் கரிசல். மழையில் களியாகக் குழைந்து காலை இழுக்கும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஆனால் வாங்கிய ஈரத்தை எளிதில் விடாது. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி, கார்த்திகை மழையில் வளர்த்து, தையில் களத்துமேட்டுக்குக் கொண்டுவருவதுதான் இந்த மானாவாரி விவசாயத்தின் கணக்கு. கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, பாசிப்பயறு, எள், மல்லி, மிளகாய், பருத்தி ஆகியவை பழைய பயிர்கள். மக்காச்சோளம் பின்னாளில் வந்து பெரும்பரப்பைப் பிடித்துக்கொண்டது. அது கோழித்தீவன ஆலைக்குப் போகும் பயிர். உள்ளூர் அடுப்புக்கு வராது.

மழைக்குறைவும் வறண்ட வெயிலும்தான் சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டியும் பட்டாசும் வேரூன்றக் காரணம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதே வெயில்தான் மிளகாயையும் மிதுக்கங்காயையும் சீனியவரைக்காயையும் வத்தலாக்குகிறது. பட்டாசு காயும் அதே வெயிலில்தான் வட்டாரத்தின் தொட்டுகறியும் காய்கிறது.

எது உள்ளூரில் நிற்கிறது

இந்த வட்டாரத்து உணவைப் புரிந்துகொள்ள ஒரு வழி, எது சீக்கிரம் கெடும், எது நாள்பட நிற்கும் என்று பிரித்துப் பார்ப்பது. நாள்பட நிற்கும் மிளகாய் வத்தல், மல்லி, உளுந்து, எள் ஆகியவை விருதுநகர்ச் சந்தைக்குப் போய்விடுகின்றன. தென்தமிழகத்தின் பருப்பு, மசாலா, எண்ணெய் வியாபாரத்துக்கு விருதுநகர் தலைமையிடம். அவ்வூரின் மார்க்கெட் நிலவரம் செய்தித்தாள்களில் தவறாமல் வரும். கமிஷன் கடையும் கிட்டங்கியும் கடந்து திரும்பி வரும்போது, விளைவித்தவரே அந்தப் பொருளை விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். சீக்கிரம் கெடும் பொருளுக்கு இந்தச் சுற்றுப்பயணம் கிடையாது. அது விளைந்த பக்கத்திலேயே, அன்றைக்கே, கிடைத்த விலைக்குப் போக வேண்டும். ஆகவே சாத்தூரில் உண்மையான உள்ளூர் உணவு என்று நிற்பவை பெரும்பாலும் நாள் தாங்காதவை. அவற்றில் மூன்று முக்கியமானவை.

முதலாவது கம்பு. வட்டார வழக்கில் கம்மம்புல். தானியமாக இருக்கும்வரை கெடாது. இடித்து மாவாக்கினால் அதிலுள்ள கொழுப்புச் சத்தால் சில நாட்களிலேயே காறி, கசக்கத் தொடங்கும். அதனால் கம்பு மாவைப் பொட்டலம் போட்டு மாதக்கணக்கில் அலமாரியில் அடுக்க முடியாது. தண்ணீர் தெளித்துப் பிசறி, உரலில் குத்தி, உமியைப் புடைத்து நீக்கி, மறுபடி இடித்து, முதல் நாளே கரைத்துப் புளிக்கவைத்து, மறுநாள் கொதிக்கும் உலையில் ஊற்றிக் கிண்டி இறக்குவது கூழின் முறை. அடிப்பிடிக்காமல் துடுப்பால் கிளறுவதற்குத் தோள் வலு வேண்டும். ஆறியதை உருண்டையாக உருட்டித் தண்ணீரில் போட்டுவைத்தால் அடுத்த நாளும் தாங்கும். அந்தத் தண்ணீரும் வீணாகாமல் குடிக்கப்படும். கூழ் வண்டியில் இந்த உருண்டையை மோர்விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டுச் செம்பில் தருவார்கள். தொட்டுக்கொள்ள மோர்மிளகாய், சீனியவரை வத்தல், மாங்காய்க் கீற்று. பங்குனி வெயிலில் காட்டுவேலை முடிந்து வருபவருக்கும் பாரம் ஏற்றி வரும் லாரி ஓட்டுநருக்கும் ஒரு செம்பு ஒருவேளைச் சாப்பாடு.

இரண்டாவது அதலைக்காய். பாகற்காயின் சொந்தம்; தாவரவியலில் மொமோர்டிக்கா சிம்பலேரியா. இதை யாரும் விதைப்பதில்லை. மண்ணுக்கடியில் உறங்கும் கிழங்கிலிருந்து மழை விழுந்ததும் கொடி கிளம்பிப் பருத்திக் காட்டிலும் மக்காச்சோளக் காட்டிலும் தரையோடு படரும். கட்டைவிரல் நுனி அளவுக் காய், மேலே வரிவரியாக மேடு, கடுங்கசப்பு. களையெடுக்கப் போகும் பெண்கள் மடியில் பறித்துவந்து வீட்டுக்குப் போக மிஞ்சியதைச் சந்தையில் கூறு கட்டி விற்பார்கள். முற்றினாலோ வைத்திருந்தாலோ காய் வெடித்து விதை சிதறிவிடும். பெரிய நகரத்துக் கடைகளில் இதைப் பார்க்க முடியாததற்குக் காரணம் அதுதான். காம்பையும் மூக்கையும் கிள்ளி, சின்ன வெங்காயமும் வத்தலும் தாளித்து, நல்லெண்ணெயில் மூடி போடாமல் வதக்கினால் கசப்பு மட்டுப்பட்டு ஒரு மணம் எழும். புளிக்குழம்பிலும் போடுவதுண்டு. ஐப்பசி முதல் தை வரை சிறு சாப்பாட்டுக் கடைகளில் ஒருநாள் இருக்கும், மறுநாள் இருக்காது. காட்டுக்குப் போனவர்கள் கொண்டுவந்தால்தான் உண்டு. பருவத்துக்கேற்ற சமையல் என்று விலையுயர்ந்த உணவகங்கள் பெருமையோடு எழுதிவைப்பதை இந்தக் கடைகள் பலகை எதுவும் இல்லாமல் செய்து வருகின்றன. களைக்கொல்லி அடித்த புஞ்சையில் அதலைக் கொடி தலைகாட்டுவது குறைந்துவிடுகிறது. கூலியில்லாத காய்கறி ஒன்றை இந்த நிலம் தானாகத் தந்துகொண்டிருந்தது. அதை மருந்தடித்து அழிப்பது எனக்கு மன்னிக்க முடியாத இழப்பாகவே தோன்றுகிறது.

மூன்றாவது வெள்ளரி. சாத்தூர் வெள்ளரிக்காய்க்குத் தென்மாவட்டங்களில் தனிப்பெயர். மதுரையிலிருந்து திருநெல்வேலி போகும் ரயில் சாத்தூரில் நின்றால் பெண்கள் ஓலைப்பெட்டியோடு சன்னல் சன்னலாக ஓடிவருவார்கள். பிஞ்சை நீளவாக்கில் நாலாகக் கீறி, முழுதும் பிரிந்துவிடாமல் அடியில் விட்டு, உள்ளே உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவித் தருவார்கள். மழை ஓய்ந்தபின் நிலத்தில் தங்கிய ஈரத்தில் வளர்ந்த காய் என்பதால் நீர் குறைவு, இனிப்பு அதிகம். காலையில் பறித்தது மாலையில் வதங்கிவிடும். நான்கு வழிச்சாலை வந்தபிறகு நெடுந்தூரப் பேருந்துகள் பல ஊருக்குள் நுழையாமல் போவதால் பேருந்து நிலைய வியாபாரத்தில் ஒரு பகுதி சாலையோரத்துக்கு இடம் மாறிவிட்டது.

வத்தலும் புலாலும்

விருதுநகர் சம்பா வத்தல் புவிசார் குறியீடு பெற்றது. நீண்டு மெலிந்த இந்த மிளகாய்தான் வட்டாரத்துக் குழம்பின் நிறத்துக்கும் காரத்துக்கும் ஆதாரம். ராமநாதபுரம் முண்டு வத்தலுக்கும் 2023-ல் குறியீடு கிடைத்தது. சிறு கடைக்காரர்கள் சீசனில் வத்தலை நேராகக் களத்திலிருந்தே வாங்கி, ஆண்டு முழுமைக்கும் இருப்பு வைத்துக்கொள்வதுண்டு. குழம்பு விலையைக் கட்டுக்குள் வைக்க இது பெரிய உதவி.

புலாலில் வெள்ளாடும், தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களுக்கே உரிய வேம்பூர் செம்மறியும், நாட்டுக்கோழியும் சேரும். கண்மாய் வற்றும் காலத்தில் கெளுத்தி, கெண்டை, விரால் மலிவாகக் கிடைக்கும். அன்றாடச் சாப்பாட்டில் புலால் இடம்பெறுவது குறைவு.

பெயர்பெற்ற பண்டங்கள்

ஊருக்கு வெளியே சாத்தூர் என்றதும் நினைவுக்கு வருவது காராச்சேவு. கடலைமாவில் மிளகாயும் பூண்டும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, காயும் எண்ணெய்க்கு மேலே கண்கரண்டியில் கையால் தேய்த்து விடுவது இதன் முறை. பேனா நிப்புக்கும் தீப்பெட்டிக்கும் பெயர்பெற்ற ஊர், இன்று சேவுக்கடைகளால் அறியப்படுகிறது. ஆனால் அதன் அடிப்படையான கொண்டைக்கடலை பெருமளவில் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களில் விளைவது. கைப்பக்குவமும் காரமும்தான் சாத்தூருடையவை. விருதுநகரின் பொரித்த பரோட்டாவும் அப்படித்தான்: மைதாவுக்கான கோதுமை கரிசலில் விளைவதில்லை. சால்னாவின் வெங்காயமும் வத்தலும் மட்டுமே பக்கத்து ஊர்ச் சரக்கு. இரண்டும் அருமையான பண்டங்கள் என்பதில் சந்தேகமில்லை. இந்த மண்ணின் விளைச்சல் என்ற கணக்கில் மட்டும் அவற்றைச் சேர்க்க முடியாது.

அரிசியின் வருகை

கம்பும் குதிரைவாலியும் தட்டின் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளப்பட்டதற்கு முதன்மையான காரணம் அரிசி எளிதாகக் கிடைத்தது. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2006-ல் கிலோ 2 ரூபாய்க்கும், 2008-ல் 1 ரூபாய்க்கும், 2011 ஜூன் முதல் விலையின்றியும் அரிசி வழங்கப்பட்டது. பசியைப் போக்கிய திட்டம் அது. அதன் அருமை பட்டினி கிடந்த குடும்பங்களுக்குத் தெரியும். எனினும் உரலில் இரண்டு முறை குத்த வேண்டிய தானியம், கழுவி உலையில் போட்டால் வெந்துவிடும் இலவச அரிசியோடு போட்டியிட முடியாது. அந்த இடிப்பு வேலை முழுவதும் பெண்கள் தலையில் இருந்தது என்பதை மறந்துவிட்டு, பழைய சாப்பாட்டைக் கைவிட்டார்கள் என்று குறைசொல்வது நியாயமில்லை.

2023-ஐ ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் நகரங்களில் குதிரைவாலிக்கு மவுசு கூடியது. உமி நீக்கும் இயந்திரம் விளைந்த ஊரில் இல்லாவிட்டால், களத்தில் மலிவாக விலைபோன குதிரைவாலி அரிசியாகி பளபளப்பான உறையில் பல மடங்கு விலையோடு திரும்புகிறது. உமி நீக்கிய பிறகு கிடைக்கும் லாபம் உழவருக்கோ உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடைக்கோ வந்து சேர்வதில்லை.

பொது ஏற்பாடுகள்

இந்த வட்டாரத்துக்கும் பொதுச் சமையலுக்கும் நெருங்கிய உறவு உண்டு. விருதுநகரில் பிறந்த காமராசர் 1957, 1962 தேர்தல்களில் வென்றது சாத்தூர் தொகுதியில். அவர் காலத்து மதிய உணவுத் திட்டம் 1956-ல் கோவில்பட்டிக்கு அருகிலுள்ள எட்டயபுரத்தில் தொடங்கியது. அரசு முழுச்செலவையும் ஏற்காத தொடக்க காலத்தில் ஊர்மக்கள் தங்கள் வீட்டுத் தானியத்தையும் காயையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஊர் விளைச்சல் ஊர்ப்பிள்ளைகளின் தட்டுக்கு வந்த அந்த ஏற்பாடு, இவ்வகை உணவின் வரலாற்றில் முதலில் எழுத வேண்டியது. 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் அதை விரிவாக்கியது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் வகைகளோடு அந்தந்தப் பகுதியில் விளையும் சிறுதானியங்களையும் பயன்படுத்த வழி வைக்கப்பட்டுள்ளது.

பிரான்சில் 2018-ல் வந்த ‘எகாலிம்’ சட்டம், பொதுச் சமையற்கூடங்களில் வாங்கும் உணவுப்பொருளில் பாதி தரச்சான்று பெற்றதாகவும், ஐந்தில் ஒரு பங்கு இயற்கை வேளாண்மையில் விளைந்ததாகவும் 2022-க்குள் இருக்க வேண்டும் என்று அளவு நிர்ணயித்தது. சாத்தூர்ப் பள்ளிகளின் காலை உணவுக்குக் கம்பும் குதிரைவாலியும் பக்கத்து ஊர்க் களங்களிலிருந்தே வாங்கப்பட வேண்டும் என்று அதுபோல ஓர் அளவு வந்தால், உழவர் நிச்சய விலையை நம்பி விதைப்பார்.

உழவர் சந்தைகள் 1999 நவம்பர் 14-ல் மதுரை அண்ணாநகரில் தொடங்கின. அடையாள அட்டை பெற்ற உழவர்கள் இடைத்தரகரின்றி விற்கும் இந்த ஏற்பாடு விருதுநகர் மாவட்டத்துக்கும் வந்தது. காலையில் எடைபோட்டு வாங்கும் கூட்டத்தில் மெஸ் நடத்துபவர்களும் இருப்பார்கள்.

பட்டாசு ஆலைத் தூக்குவாளி

சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளுக்குக் காலையிலேயே வேன் ஏறிப் போகும் தொழிலாளர்களின் மதியச் சாப்பாடு இவ்வகை உணவில் தனி இடம் பெறுகிறது. மருந்து கையாளும் ஆலைக்குள் அடுப்புக்கோ தீக்குச்சிக்கோ இடமில்லை. கொண்டுபோன சோற்றைச் சூடாக்கித் தின்ன முடியாது. ஆகவே ஆறினாலும் ருசி கெடாததே தூக்குவாளியில் போகும்: மோர்விட்டுப் பிசைந்த சோறு, கம்மங்கஞ்சி, புளிக்குழம்பு, காணத் துவையல், வத்தல். விடியலுக்கு முன்பே எழுந்து இதைச் சமைத்துக் கட்டும் பெண்களில் பலர் அதே வேனில் ஆலைக்குப் போகிறவர்கள். கம்பு குத்த நேரமில்லாத அந்த வீடுகளுக்குப் பக்கத்துத் தெருவில் கூழ் உருண்டை செய்து விற்கும் பெண்ணே இன்று கம்பு சேர வழி. காலையில் உருண்டை வாங்கி வாளியில் போட்டுக்கொண்டால், மோர் மட்டும் ஊற்றிக் கரைத்துக் குடிக்கலாம்.