விடியுமுன் பால்வெட்டு

மலேசியாவின் நெகிரி செம்பிலானில், ரந்தாவ், சிலியாவ், லாபு பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டியவர்களுக்குப் பொழுது விடிவதற்குள் பாதி உழைப்பு முடிந்திருக்கும். பெரட்டு என்ற காலைக் கணக்கெடுப்பில் பேர் கொடுத்து, அவரவர் மர நிரைக்குப் போய்ச் சேரும்போதும் இருட்டுத்தான். தோட்டத் துரை போட்ட சட்டம் இது என்று, தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பலர் நம்பினார்கள். சட்டம் போட்டது மரம். துரை அதற்கு மணி அடித்தார், அவ்வளவே.

என் அம்மா பால்வெட்டியவர். “வெயில் ஏறுனா மரம் கைய மூடிக்கும்டா தம்பி” என்பார். பிற்காலத்தில் சிரம்பானில் படிவம் நான்கு பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தபோது, ஒளியின் ஆற்றலையும் வாயு மூலக்கூறுகளின் வேகத்தையும் விளக்க அந்த ஒரு வரியையே எடுத்துக்கொண்டேன். பாடநூலில் இருந்த உதாரணங்கள் எங்கள் பிள்ளைகளுக்கு ஒட்டவில்லை.

இரவில் இலைத்துளைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். வேர் இழுத்த தண்ணீர் மரத்திலேயே தங்க, பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் ஏறும். விடியற்காலையில் அது வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் பத்து மடங்கு இருக்கும். அந்த நேரத்தில் உளி பட்டால் பால் பீறிட்டு, அதை ஏந்தும் மங்குக்கு ஓடும். வெளிச்சம் வந்ததும் இலைத்துளை திறக்கிறது. 27 டிகிரியில் நீராவி மூலக்கூறு விநாடிக்குச் சுமார் 645 மீட்டர் வேகத்தில் பாய்வது. வழி கிடைத்தால் நிற்குமா? தண்ணீர் ஆவியாகி வெளியேற, அழுத்தம் இறங்கிப் பால் மந்தமாகும்.

காற்று இரவு முழுக்க இலையை மோதிக்கொண்டுதானே இருக்கிறது, அப்போது ஏன் திறக்கவில்லை என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. அந்த வெப்பத்தில் ஒரு காற்று மூலக்கூறின் சராசரி இயக்க ஆற்றல் 0.04 எலக்ட்ரான் வோல்ட்டைத் தொடாது. இலைத்துளையைத் திறக்கத் தூண்டுவதில் நீல ஒளிக்குத் தனிப் பங்கு உண்டு. அதன் ஒரு ஃபோட்டானில் 2.75 எலக்ட்ரான் வோல்ட் இருக்கிறது, ஏறக்குறைய எழுபது மடங்கு. நூறு பேர் தோளால் இடித்தும் அசையாத பூட்டை ஒரு சாவி திறப்பதுபோல.

இருட்டில் வெட்ட விளக்கு வேண்டும். தலையில் கட்டிய கார்பைட் விளக்கில் மேல் அறைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கார்பைட் கட்டிமேல் விழ, பூண்டு நாற்றத்தோடு அசிட்டிலீன் கிளம்பும். கார்பைடை மலிவாகச் செய்யும் வழி 1892இல் அமெரிக்காவின் வட கரோலைனாவில் தாமஸ் வில்சனுக்குத் தற்செயலாகக் கிட்டியது. பெரட்டுக் களத்திலும் கோயில் திருவிழாவிலும் எரிந்ததோ மண்ணெண்ணெய் கேஸ் விளக்கு.

எந்தச் சுடருக்கும் ஒரு சங்கடம் உண்டு. 1,800 கெல்வினில் நைட்ரஜன் மூலக்கூறு விநாடிக்கு 1,270 மீட்டர் போகும். சாதாரணக் காற்றில் போவதைப்போல் இரண்டரை மடங்கு. ஆனாலும் அதன் சராசரி ஆற்றல் 0.23 எலக்ட்ரான் வோல்ட்தான். மஞ்சள் ஒளியின் ஒரு ஃபோட்டானுக்கு 2.1 வேண்டும். அதனால் எரியும் எண்ணெயின் ஆற்றலில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத வெப்பமாகவே போய்விடும். நெற்றி சுடும், வெளிச்சம் கொஞ்சம்.

இதற்கு ஆஸ்திரியாக்காரர் கார்ல் ஆவர் கண்ட மருந்துதான் கேஸ் விளக்கில் கட்டும் மாண்டில் வலை: தோரியம் ஆக்சைடு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு ஒரு பங்கு. தோரியம் ஆக்சைடு அகச்சிவப்பாக வெப்பத்தை எளிதில் விடாது. அதனால் வலை சூடு குறையாமல் நிற்க, சீரியம் அந்தச் சூட்டைக் கண் காணும் ஒளியாகத் தரும். அந்தத் தோரியத்துக்கான மோனசைட் மணலை 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூர்க் கரையில் கண்டார். ஆலை எழுந்தது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில். முதல் உலகப்போரில் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. தமிழனின் கடற்கரை மணலும் தமிழனின் உழைப்பும் ஒரே காலத்தில் கப்பலேறின. இரண்டுக்கும் விலை வைத்தவர்கள் வேறு எங்கோ இருந்தார்கள். இதைச் சொல்லாமல் என்னால் மாண்டில் பாடம் நடத்த முடிந்ததில்லை.

கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்கு எதிராக 1948 முதல் 1960 வரை நீடித்த மலாயா அவசரகாலத்தில் லயங்களைச் சுற்றி முள்கம்பி, இரவில் ஊரடங்கு. வாசல் திறந்து, சோற்றுப் பொட்டலம்வரை சோதித்து விடுவதற்குள் வெளிச்சம் வந்துவிடும் என்று மூத்த பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பால் குறைந்ததற்கும் ஏச்சு வாங்கியவர்கள் அவர்கள்தாம்.

பிறகு பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை வைத்தார்கள். செம்பனைக்கு இருட்டு உதவாது. அண்ணாந்து குலை பழுத்ததா என்று பார்த்துத்தான் நீண்ட கழியில் கட்டிய அரிவாளைப் போட முடியும். கழி கனம், அந்த வேலை பெரும்பாலும் ஆண்கள் கைக்குப் போனது. நிரை பிடித்து வெட்டிய பெண்களில் பலருக்கு உதிரிப்பழம் பொறுக்குவதும் உரம் போடுவதுமே மிஞ்சின.