முன் சக்கரத்தில் கசியும் எண்ணெய்

போடி, கம்பம் பக்கத்துக்காரர்களுக்கு ஜீப்பைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. விடியுமுன் ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறுகிற வண்டி அது. பழைய ஜீப்பின் முன் சக்கரத்துக்கு உட்புறம் குனிந்து பார்த்தால், சின்னத் தேங்காய் அளவில் ஓர் இரும்பு உருண்டை தெரியும். பெரும்பாலும் அதில் எண்ணெய் வழிந்து, புழுதி ஒட்டி, கரிப்பிசுக்காக இருக்கும். கேட்டால், "எல்லா ஜீப்பும் அப்படித்தான் சார்" என்பார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி ஆளைக் கொன்றுவிடும். அந்த உருண்டையும் அதன் கசிவும் எப்படி வந்தன என்று இன்று பார்ப்போம்.

பின் சக்கரத்தைச் சுழற்றுவது எளிது. அது திரும்புவதில்லை. முன் சக்கரமோ சுழலவும் வேண்டும், இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். இதற்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர்கள், அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்துக் கிளின்டன்வில் என்ற சிற்றூரின் ஆட்டோ சகோவும் அவர் மைத்துனர் வில்லியம் பெசர்டிச்சும். பட்டறை நடத்திவந்த இவர்கள் 1908-இல் ஒரு காப்புரிமை பெற்றார்கள். சக்கரத்துக்குப் போகும் தண்டை நடுவில் ஒரு மூட்டு வைத்து மடக்கி, அந்த மூட்டைச் சுற்றி நம் தோள்பட்டையில் இருப்பதுபோல ஓர் உருண்டையும் குழியும் அமைத்தார்கள். அதிலிருந்து பிறந்த எஃப்.டபிள்யூ.டி. லாரிகள் முதல் உலகப்போரின் சேற்றில் ஆயிரக்கணக்கில் ஓடின.

அந்த மூட்டில் ஒரு குறை இருந்தது. சாதாரண யுனிவர்சல் ஜாயின்ட் மடங்கிய நிலையில் சீராகச் சுழலாது. ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். வளைவில் ஸ்டியரிங் கையை உதறும். 1920-களில் ராப்பா, வைஸ், பிரான்சில் கிரிகோயர் ஆகியோர் ஆளுக்கொரு விதமாகச் சீராகச் சுழலும் மூட்டுகளைக் கண்டுபிடித்தார்கள். 1940-இல் அமெரிக்க ராணுவம் சிறு நான்கு சக்கர இயக்க வண்டி கேட்டபோது, பான்டம் கம்பெனி தன் முதல் வண்டியை 49 நாளில் செய்து செப்டம்பர் 23 அன்று ஒப்படைத்தது. பிறகு வில்லிஸும் ஃபோர்டும் லட்சக்கணக்கில் ஜீப்புகளைச் செய்தன. அத்தனைக்கும் ஒரே வகை மூட்டு கிடைக்கவில்லை. ராப்பா, பென்டிக்ஸ், டிராக்டா, ஸ்பைசர் என்று கிடைத்ததைப் போட்டார்கள்.

எந்த மூட்டானாலும் கிரீஸில் ஊறிக் கிடக்கவேண்டும். அதனால்தான் உருண்டைக்குள் வைத்தார்கள். திரும்புகிற உருண்டையில் கிரீஸ் வெளியே வராமலிருக்க வெளிப்பக்கம் ஒரு ஃபெல்ட் சீல். டிபரன்ஷியலில் இருக்கும் 90 நம்பர் ஆயில் குழாய் வழியே உருண்டைக்குள் வராமலிருக்க உள்பக்கம் தண்டைச் சுற்றி ஓர் ஆயில் சீல். ஆக, ஒரு பக்கத்துக்கு இரண்டு காவல்காரர்கள். ஆரம்பத்தில் இந்த ஆயில் சீல்களைத் தோலில் செய்தார்கள். செயற்கை ரப்பர் வந்தபிறகு அவற்றின் ஆயுள் கூடியது.

போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட வண்டிகள் நம் நாட்டில் ஏலத்துக்கு வந்தன. 'டிஸ்போசல் வண்டி' என்ற சொல் என் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. 1940-களின் கடைசியில் மஹிந்திரா கம்பெனி பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. அந்த இரும்பு உருண்டை அப்படித்தான் நம் மலைச்சாலைகளுக்கு வந்தது.

இனி நோய்க்கு வருவோம். வெளிச் சீல் தேய்ந்தால் கெட்டியான கிரீஸ் லேசாகப் பிசுபிசுக்கும். அது பெரிய ஆபத்தில்லை. உள் சீல் போனால் கதை வேறு. டிபரன்ஷியல் ஆயில் உருண்டைக்குள் புகுந்து கிரீஸைக் கரைக்கும். தண்ணீராய்ப் போன கலவை ஃபெல்ட் வழியே ஒழுகும். டிபரன்ஷியலில் ஆயில் குறையும். எல்லாவற்றையும்விட மோசம், அது ஸ்பின்டில் வழியாகப் பிரேக் டிரம்முக்குள் போவது. லைனிங் ஊறிவிட்டால் அந்தச் சக்கரம் பிடிக்காது. வண்டி எதிர்ப் பக்கமாக இழுக்கும். இறக்கத்தில் அந்தப் பக்கம் பள்ளமாக இருந்தால் என்னாகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

எழுபதுகளின் கடைசியில் நான் வேலை பார்த்த பணிமனைக்கு, ஒரு தோட்டத்து ஜீப் இப்படித்தான் வந்தது. பிரேக் போட்டால் வலப்பக்கம் இழுக்கிறது என்றார் டிரைவர். வாரம் ஒருமுறை ஆயில் ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள். மேஸ்திரி இடது டிரம்மைக் கழற்றினார், லைனிங் எண்ணெயில் மிதந்தது. "தம்பி, இதுல பன்னெண்டு பேரை ஏத்திக்கிட்டா மெட்டு இறங்குனே?" என்று மட்டும் கேட்டார். டிரைவர் பதில் பேசவில்லை.

அவர் வேலை செய்த வரிசை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. முதலில் டிபரன்ஷியல் மேலிருந்த பிரீதர் துளையைக் குத்திப் பார்த்தார். அது அடைத்திருந்தால், சூட்டில் உள்ளே காற்று விரிந்து ஆயிலை சீல் வழியே தள்ளும். புது சீல் போட்டும் பலனிருக்காது. பிறகு ஹப், பிரேக் தட்டு, ஸ்பின்டில் எல்லாம் கழற்றித் தண்டை உருவினார். சீல் உட்காரும் இடத்தை நகத்தால் தடவினார். நகம் தட்டினால் தண்டில் வரி விழுந்துவிட்டது, தண்டையே மாற்றவேண்டும் என்று பொருள். உருண்டையின் துருவை உப்புத்தாளால் தேய்த்தார். துரு இருந்தால் ஃபெல்ட்டை அரம்போல அராவிவிடும். புது சீலின் ஸ்பிரிங் உள்ள முகம் ஆயில் பக்கம் பார்க்கும்படி நேராக அடித்து இறக்கினார். தண்டின் பற்கள் சீலின் உதட்டைக் கிழிக்காமலிருக்க, கிரீஸ் தடவி, கையால் தாங்கியே நுழைத்தார். ஃபெல்ட்டை ஆயிலில் ஊறவைத்துப் போட்டார். லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் போடலாமே என்றார் டிரைவர். மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பக்கமும் புதிது போட்டபிறகே வண்டியை விட்டார்.

வில்லிஸ் கம்பெனியின் கையேட்டில் ஒரு குறிப்பு உண்டு. உறைபனிக் காலத்தில் ஈரத்தில் ஓட்டிவிட்டு நிறுத்தும்போது ஸ்டியரிங்கை இடமும் வலமும் திருப்பி, உருண்டையில் இருக்கும் ஈரத்தைத் துடைத்துவிடவேண்டும். இல்லையென்றால் உறைந்து ஃபெல்ட்டைப் பிய்த்துவிடும். நமக்குப் பனிக்கட்டிப் பிரச்சினை இல்லை. ஆனால் வண்டியை நாள்கணக்கில் நிறுத்திவைப்பதானால் உருண்டைமேல் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள் என்றும் அதில் இருக்கிறது. மலை ஈரத்துக்கு அது நன்றாகப் பொருந்தும்.

1972-இல் அமெரிக்க ஜீப்பில் அந்த உருண்டையை எடுத்துவிட்டு, மூட்டை வெளியே தெரியும்படி வைத்தார்கள். உருண்டையோடு ஃபெல்ட்டும் போனது. உள் சீல் மட்டும் வேறு வடிவில் இன்றும் இருக்கிறது. சுழலும் தண்டு எண்ணெயை விட்டு வெளியே வரும் இடத்தில் ஒரு தடுப்பு வேண்டும். அது தேயத்தான் செய்யும்.

உங்களில் யாராவது பழைய ஜீப்பை ஆசையாக வைத்திருந்தால், நாளைக் காலையில் ஒருமுறை குனிந்து பாருங்கள். உருண்டையில் வெறும் கிரீஸ் பிசுக்கு என்றால் துடைத்துவிட்டுக் கிளம்பலாம். எண்ணெய் தண்ணீராக ஓடியிருந்தாலோ, டயரின் உள்பக்கம் நனைந்திருந்தாலோ, மலைப்பக்கம் போகாதீர்கள். ஆயில் டப்பாவை எடுக்காதீர்கள். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.