பூனைக்காலி: பார்க்கின்சன் நோய் மருத்துவத்தில்

அவரைக் குடும்பத்துக் கொடி. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ஊர்களுக்கு மேற்கே மலையடிவாரப் புதர்களில் படர்வது. கருஞ்சிவப்புப் பூக்கள் கொத்தாகத் தொங்கும். வளைந்த காயின் மேலுள்ள பொன்னிறச் சுணை தோலில் பட்டால் தாங்கமுடியாத நமைச்சல் எடுக்கும். உள்ளிருக்கும் விதையின் எடையில் ஏறத்தாழ 3 முதல் 6 விழுக்காடு லெவோடோப்பா. பார்க்கின்சன் நோய்க்கு இன்றும் முதன்மையான மருந்து இதுவே.

பழைய வழக்கு: ஆயுர்வேத நூல்கள் கூறும் கம்பவாதம் இந்நோயே என்பர் சிலர். நடுக்கம் தரும் பல நோய்களின் பொதுப்பெயராகவும் அது இருந்திருக்கலாம். சித்த மருத்துவர்கள் விதையைப் பாலில் வேகவைத்துச் சுத்தி செய்து, பெரும்பாலும் ஆண்மைக் குறைவுக்குக் கொடுத்துவந்தனர். மேற்குத்தொடர்ச்சி மலையின் பளியர்களுக்கோ இது உணவு. விதையைத் திரும்பத் திரும்ப வேகவைத்து, ஒவ்வொரு முறையும் நீரை இறுத்துக் கொட்டிவிட்டே உண்பர். குமட்டலும் தலைசுற்றலும் தரும் லெவோடோப்பாவில் பெரும்பகுதி அந்நீரோடு போய்விடுகிறது. எந்த ஆய்வகமும் சொல்லித்தராமல் கைவந்த நுட்பம் இது.

சென்னை ஆய்வு: லெவோடோப்பாவை 1913இல் குகன்ஹைம் என்பவர் வேறோர் அவரையினத்திலிருந்து பிரித்திருந்தார். 1937இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தின் எம். தாமோதரனும் ஆர். ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, பயோகெமிக்கல் ஜர்னல் இதழில் எழுதினர். லெவோடோப்பாவிலிருந்து உருவாகும் டோப்பமினுக்கு மூளையில் என்ன வேலை என்பது அப்போது எவருக்கும் தெரியாது. அவர்கள் தேடியதும் மருந்தை அல்ல. 20 ஆண்டுகள் கழித்து, 1957இல், சுவீடனின் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் என்ற மருந்தைக் கொடுத்து அசைவற்றுக் கிடக்கச் செய்தார். லெவோடோப்பா செலுத்தியதும் அவை எழுந்தன. அந்த ரெசர்பினும் சர்ப்பகந்தி என்ற நம் நாட்டுச் செடியில் கிடைத்ததே. 1961இல் வியன்னாவில் நோயாளிகளுக்கு லெவோடோப்பா செலுத்தப்பட்டது. 1967இல் கோட்சியாஸ் என்பவர் அதை அதிக அளவில் வாய்வழி கொடுத்துப் பலன் கண்டபின் உலகெங்கும் பரவியது. இந்த வரலாற்றைச் சொல்லும்போது சென்னைக் கட்டுரை பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது.

மருத்துவச் சோதனைகள்: 1978இல் பம்பாயில் வைத்யா குழுவினர் விதைப்பொடியையே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். 2004இல் லண்டனில் 8 நோயாளிகளிடம் நடந்த ஒப்பீட்டில் 30 கிராம் பொடி, வழக்கமான மாத்திரையைவிட விரைவில் வேலைசெய்தது. பலனும் கூடுதல் நேரம் நின்றது. 8 பேரை வைத்து உறுதியாக ஒன்றும் சொல்லிவிட முடியாது. 2017இல் பொலிவியாவில் 18 பேரிடம் ஆய்வு நடந்தது.

மரபணுவும் மைட்டோகாண்டிரியாவும்: விதை இந்நோயில் நேரும் டோப்பமின் பற்றாக்குறையை ஈடுசெய்கிறது. டோப்பமின் சுரக்கும் நரம்பணுக்கள் ஏன் மடிகின்றன என்பது வேறு கேள்வி. அவற்றின் மைட்டோகாண்டிரியாவில் ஆற்றலாக்கத்தின் முதல் படியான ‘காம்ப்ளக்ஸ் 1’ மந்தமாயிருப்பது 1989இல் தெரிந்தது. இந்நோயோடு தொடர்புடையவையாக 1998இல் ஜப்பானில் பார்க்கின் மரபணுவும், 2004இல் பிங்க்1 மரபணுவும் கண்டறியப்பட்டன. மைட்டோகாண்டிரியா ஒன்று பழுதானால் பிங்க்1 புரதம் அதன் வெளிச்சவ்வில் குவிந்து பார்க்கினை வரவழைக்கும். பார்க்கின் யுபிக்விட்டின் என்ற அடையாளத்தைக் குத்திவிட, செல் அந்தப் பழுதை விழுங்கிச் செரித்துவிடும். இம்மரபணுக்களில் ஒன்று, தாய்வழி தந்தைவழி இரண்டு பிரதிகளிலும் கெட்டிருந்தால், பழுதானவை அகற்றப்படாமல் தேங்கும். நோய் இளவயதிலேயே தொடங்கக்கூடும். அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கம் நிலைத்த தென்மாவட்டங்களில் இந்த மரபுமுறை தனிக்கவனம் பெறவேண்டியது. ஆயினும் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு ஒற்றை மரபணுவே காரணம் என்று காட்ட முடியாது.

பாலா மாணியம் குழுவினர் 2004இல், எலிகளிடம் செய்த ஆய்வையொட்டி, விதைப்பொடி காம்ப்ளக்ஸ் 1 செயல்பாட்டைக் கூட்டுவதாகவும் மைட்டோகாண்டிரியாவின் ஆற்றலாக்கத்தில் பங்குள்ள கோஎன்சைம் க்யூ10 அதில் இருப்பதாகவும் எழுதினர். பின்னர் 600 நோயாளிகளிடம் க்யூ10 தனியே சோதிக்கப்பட்டது. பலன் இல்லை என்ற முடிவு 2014இல் வெளியாயிற்று. இதனால் மாணியம் குழுவின் கருத்து வலுவிழந்தது என்பர் சிலர். விதையில் வேறு பொருள்களும் இருப்பதால் அதை ஒதுக்கிவிட முடியாது என்பர் மற்றவர். நாட்டு மருந்துக் கடைப் பொடியில் லெவோடோப்பாவின் அளவு ஒரே சீராக இருப்பதில்லை. மருத்துவருக்குத் தெரியாமல் அதை மாத்திரையோடு சேர்த்து உண்டால் கைகால்கள் தம்மையறியாமல் முறுக்கி ஆடக்கூடும்.