திருவண்ணாமலைப் போர் (1767)

முதலாம் ஆங்கில-மைசூர்ப் போரின்போது திருவண்ணாமலை அருகே ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கும், மைசூரின் ஹைதர் அலி, ஐதராபாத் நிஜாம் ஆகியோரின் கூட்டுப்படைக்கும் 1767 செப்டம்பர் இறுதியில் நடந்த போர். அம்மாதம் 3ஆம் தேதி செங்கம் கணவாயில் தாக்கப்பட்ட கம்பெனித் தளபதி கர்னல் ஜோசப் ஸ்மித், எதிரியை விரட்டியும் அரிசித் தட்டுப்பாட்டால் திருவண்ணாமலைக்குப் பின்வாங்கினார். கர்னல் வுட் தலைமையிலான மற்றொரு கம்பெனிப் படை அவருடன் சேர்ந்துகொண்டது. ஸ்மித் இடையிலிருந்த சதுப்பு நிலத்தைச் சுற்றிவர வலப்புறம் நகர்ந்ததை ஓட்டம் என்று ஹைதர் தவறாகக் கணித்துத் தாக்கினார். போர் கம்பெனிக்கே சாதகமாக முடிந்தது. தோல்விக்குப் பின் நிஜாம் கூட்டணியை விட்டு விலகி, 1768இல் கம்பெனியுடன் மசூலிப்பட்டினத்தில் உடன்படிக்கை செய்தார். களத்தில் கிடைத்த வெற்றியைவிட இந்தப் பிளவே பெரிய விளைவு எனலாம். ஆனால் ஹைதர் ஓயவில்லை. 1769இல் சென்னை வாசல்வரை வந்து தாம் விரும்பியபடி சமாதானம் பேசினார்.

திருவண்ணாமலையில் உள்ள, உயர்ந்த மதில்கள் கொண்ட அருணாசலேசுவரர் கோயில், கர்நாடகப் போர்க்காலத்தில் கோட்டையாகப் பயன்பட்டது. 1790இல் ஹைதரின் மகன் திப்பு சுல்தான் இவ்வூரைக் கைப்பற்றினார்.