பதுளையின் காங்கிரஸ்காரர்

பசறையைத் தாண்டி பிபிலைக்குப் போகும் பாதையில் இருக்கிறது லுணுகலை. சின்னக் கடைவீதி, சுற்றிவர ஹொப்டன், அடாவத்தை, சோலண்ட்ஸ் என்று தேயிலைத் தோட்டங்கள். இந்தப் பதுளைப் பக்கத்துத் தோட்டச் சனத்தின் வாக்கு, 1947இல் ஒரு காங்கிரஸ்காரரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. பெயர் எஸ்.எம். சுப்பையா.

காங்கிரஸ் என்றால் இலங்கை இந்தியக் காங்கிரஸ். 1939இல் நேரு வந்துபோன கையோடு பிறந்த கட்சி. பதுளை அப்போது இரட்டை அங்கத்தவர் தொகுதி. மற்ற ஆசனம் சமசமாஜக் கட்சியின் ஜே.சி.ரி. கொத்தலாவலவுக்குப் போயிற்று. இது தற்செயலாக அமைந்த ஜோடி அல்ல. 1940இல் பதுளை வேவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடத்தி, தொழிலாளர் சபையைக் கேட்டு நடக்கத் துரையைச் சம்மதிக்க வைத்தது சமசமாஜிகளின் சங்கம்தான்.

நாடு முழுவதும் தேர்தலுக்கு விடப்பட்டவை 95 ஆசனங்கள். காங்கிரஸ் 7 பிடித்தது. நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை, பதுளையில் சுப்பையா.

அந்த 7 ஆசனங்களே ஆள்வோரின் கண்ணை உறுத்தின என்றுதான் சொல்ல வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, இங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் பாட்டனும் பூட்டனும். லயத்துக் காம்பிராவில் தகரப்பெட்டியைக் கவிழ்த்தால் என்ன கிடைக்கும்? பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் இருக்கலாம். கங்காணியின் பின்னால் மன்னார்க் காட்டுவழி நடந்துவந்த பூட்டனுக்கு ஏது சான்றிதழ்?

1949இல் இன்னொரு சட்டம், விண்ணப்பித்துப் பதிந்துகொள்ள வழி விட்டது. காங்கிரஸ் முதலில் அதைப் புறக்கணித்தது, பிறகு கடைசி நேரத்தில் எல்லோரையும் விண்ணப்பிக்கச் சொன்னது. அந்தத் தாமதம் பெரிய பிழை. சுமார் 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. காலப்போக்கில் பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கே. அதே 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, பிரஜை அல்லாதோரின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து போயின.

1952 ஏப்ரலில் பாராளுமன்றம் கலைந்தது. மே மாதத் தேர்தலில் காங்கிரஸுக்கு ஓர் ஆசனமும் இல்லை. பெட்டிகள் எண்ணப்பட்ட நாட்களில், பறிபோன உரிமைகளுக்காகக் காங்கிரஸ் ஏப்ரல் 28ஆம் திகதி தொடங்கிய சத்தியாக்கிரகம் கொழும்பில் பிரதமர் அலுவலக வாசலில் நடந்துகொண்டிருந்தது.